தண்ணீரில் இருந்த குரோமியம் எங்கே போனது?

"நச்சு உலோகத்தைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியா" என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும். கூடவே கண்ணாடிக் குடுவையோடு ஒரு படம், "95 சதவீதம் நீக்கம்" என்று ஒரு எண். படித்தால் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பாலாற்றுக்கும் நல்ல காலம் பிறக்கும் போலிருக்கிறதே என்று தோன்றும். செய்தி பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் அதில் ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போயிருக்கும்: அந்த உலோகம் எங்கே போனது?

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால், பாக்டீரியாவைக் கொண்டு கன உலோகங்களை நீக்குவது என்றால் என்ன என்பது பெருமளவு புரிந்துவிடும்.

வீட்டுச் சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் அழுக்கு பெரும்பாலும் கரிமப் பொருள். சோற்றுப் பருக்கை, எண்ணெய், சோப்பு, மலம். பாக்டீரியாவுக்கு இதெல்லாம் உணவு. தின்று, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் உடைத்துப் போட்டுவிடும். குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் இவற்றை அப்படி உடைக்க முடியாது. இவை தனிமங்கள். எருக்குழியில் வைக்கோல், சாணி, இலைதழையோடு ஓர் இரும்பு ஆணியும் விழுந்துவிட்டது என்று வையுங்கள். ஆறு மாதத்தில் மற்றதெல்லாம் மக்கிப் போயிருக்கும், ஆணி கிடக்கும். துருப்பிடித்திருக்கலாம், ஆனால் துருவிலும் இருப்பது அதே இரும்புதான்.

அந்தத் துருவில்தான் விஷயம் இருக்கிறது. உலோகத்தை அழிக்க முடியாதே தவிர, அதன் வடிவத்தை மாற்ற முடியும். ஒரு வடிவத்தில் தண்ணீரில் கரைந்து ஓடும் உலோகம், இன்னொரு வடிவத்தில் கரையாமல் அடியில் படியும். பாக்டீரியா செய்வது இந்த மாற்றத்தை. அதுவும் நமக்காகச் செய்வதில்லை. தான் மூச்சு விடுவதற்காகவோ, விஷத்திலிருந்து தப்பிப்பதற்காகவோ, சில நேரம் வேறு ஏதோ வேலையின் ஊடே தற்செயலாகவோ செய்கிறது.

இதை விளக்க நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் உலோகம் குரோமியம். தோல் தொழில் நடக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குரோமியத்தில் இரண்டு வடிவங்கள் முக்கியமானவை. ஒன்றைக் குரோமியம் 3 என்றும், மற்றதைக் குரோமியம் 6 என்றும் சொல்லலாம். அந்த எண், அணு எத்தனை எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்த நிலையில் இருக்கிறது என்பதற்கான கணக்கு.

குரோமியம் 3 சாதாரணத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பச்சை கலந்த சாம்பல் நிறக் கசடாக அடியில் உட்கார்ந்துவிடும். உடலுக்குள்ளும் எளிதில் போகாது. குரோமியம் 6 நேர்மாறு. நன்றாகக் கரையும், நிலத்தடி நீரோடு மைல் கணக்கில் நகரும், தண்ணீருக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும். அது தண்ணீரில் குரோமேட் அயனியாக இருக்கும்போது பார்ப்பதற்குச் சல்பேட் அயனியைப் போலவே இருக்கும். சல்பேட் நம் செல்களுக்கு வேண்டிய பொருள் என்பதால் அதை உள்ளே விடுவதற்கு வாசல் இருக்கிறது. குரோமேட் அந்த வாசல் வழியாகவே நுழைந்துவிடுகிறது. உள்ளே போனபின் மரபணுவைச் சேதப்படுத்துகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் குரோமியம் 6 இருப்பது இதனால்தான்.

தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோம் உப்பு குரோமியம் 3 வகை. ஆகவே தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் வருவதும் பெரும்பாலும் அதுதான். அதை எடுக்க பாக்டீரியா தேவையே இல்லை. காரத்தைச் சேர்த்தால் படிந்துவிடும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்கே பயன்படுத்தலாம். குரோம் மீட்பு நிலையங்கள் செய்வது இதைத்தான். இருக்கிற சுலபமான வழியை விட்டுவிட்டு பாக்டீரியாவைத் தேடிப்போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ராணிப்பேட்டையின் பெரிய தலைவலி வேறு. அங்கே சிப்காட் வளாகத்தில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, தோல் தொழிலுக்கு வேண்டிய குரோம் ரசாயனங்களைத் தயாரித்தது. குரோமியத் தாதுவை வறுத்து முதலில் குரோமியம் 6 ஆக்கித்தான் மற்றதைச் செய்ய வேண்டும். 1990களில் ஆலை மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அங்கேயே மலையாகக் குவிந்து நின்றது. மழை பெய்தால் அதிலிருந்து குரோமியம் 6 கரைந்து நிலத்துக்குள் இறங்கும். 2006-இல் பிளாக்ஸ்மித் என்ற சர்வதேச அமைப்பு உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

சரி, பாக்டீரியா இங்கே என்ன செய்ய முடியும்? குரோமியம் 6-க்கு மூன்று எலெக்ட்ரான்களைக் கொடுத்தால் அது குரோமியம் 3 ஆகிவிடும். வேதியியலில் இதற்கு ஒடுக்கம் என்று பெயர், பத்தாம் வகுப்பில் படித்திருப்போம். சூடோமோனாஸ், பேசில்லஸ், ஷிவனெல்லா என்று மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் பல பாக்டீரியாக்கள் இந்த வேலையைச் செய்கின்றன. 1970களிலேயே சோவியத் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாக்டீரியா சர்க்கரையையோ ஆல்கஹாலையோ தின்னும்போது எலெக்ட்ரான்கள் மிஞ்சும். அவற்றை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் நமக்குச் செய்யும் வேலை அதுதான். ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் பாக்டீரியா நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று கிடைத்ததில் கொட்டும். குரோமியம் 6 பக்கத்தில் இருந்தால் அதற்கும் போகும்.

இதை ஆய்வகத்தில் பார்ப்பது அழகு. இரண்டு குடுவைகளில் குரோமியம் 6 கலந்த மஞ்சள் திரவம். ஒன்றில் மட்டும் பாக்டீரியா. ஓரிரு நாளில் அந்தக் குடுவையின் மஞ்சள் வெளிறிப் போகும். உறுதிப்படுத்த டைஃபீனைல் கார்பசைடு என்ற ரசாயனத்தை, அமிலம் சேர்த்து, சில சொட்டு விடுவார்கள். குரோமியம் 6 இருந்தால் பளிச்சென்று ஊதா நிறம் வரும். பாக்டீரியா இல்லாத குடுவையில் வரும், இருந்த குடுவையில் வராது. "95 சதவீதம் நீக்கம்" என்ற எண் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஆனால் அந்த ரசாயனத்துக்குக் குரோமியம் 6 மட்டுமே கண்ணில் படும். அதே குடுவையை நன்றாகக் குலுக்கி, கசடோடு சேர்த்து எடுத்து, அமிலத்தில் முழுக்கக் கரைத்து, மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று அணு உட்கவர் நிறமாலைமானி என்ற கருவியில் அளந்தால் முதல் நாள் போட்ட அளவு அப்படியே இருக்கும். ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. மாறியது வடிவம் மட்டும். நீக்கம் என்ற சொல்லுக்கு உண்மையில் உரிமை வருவது, அந்தக் கசடை வடிகட்டித் தனியாக எடுத்த பிறகுதான். கல்லூரி புராஜெக்ட்டில் இதைச் செய்யும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பாக்டீரியா போடாத குடுவை, செத்த பாக்டீரியா போட்ட குடுவை இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பாக்டீரியா வளர்க்கப் போடும் ஊட்டக் கரைசலே குரோமியத்தைக் கொஞ்சம் ஒடுக்கிவிடும். அந்தப் புகழைப் பாக்டீரியா தட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து பெரிய அளவில் இதைச் செய்து பார்த்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் ஹிங்க்லி என்ற சிற்றூர். அங்கே பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எரிவாயு அழுத்து நிலையம் ஒன்று இருக்கிறது. குளிர்விக்கும் கோபுரங்களில் துரு பிடிக்காமலிருக்க, 1952 முதல் 1960களின் நடுப்பகுதி வரை தண்ணீரில் குரோமியம் 6 சேர்த்தார்கள். அந்தத் தண்ணீரை அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத குட்டைகளில் விட்டார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கி ஊர்க் கிணறுகளுக்குப் போனது. 1996-இல் நிறுவனம் ஊர்க்காரர்களுக்கு 33.3 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பணம் கைமாறியது, ஆனால் குரோமியம் நிலத்தடியிலேயே இருந்தது. அதைச் சுத்தம் செய்ய எடுத்த வழிகளில் இரண்டு நம் கதைக்கு வேண்டியவை.

முதல் வழி: வரிசையாகக் குழாய்களை இறக்கி, நிலத்தடி நீருக்குள் எத்தனால் என்ற ஆல்கஹாலைச் செலுத்துவது. பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. மண்ணிலேயே ஏற்கெனவே இருந்தவைதான். பாலைவன மண்ணில் சாப்பாடு இல்லாமல் சோம்பிக் கிடந்தவை, ஆல்கஹால் கிடைத்ததும் பல்கிப் பெருகின. இருந்த ஆக்சிஜனைத் தீர்த்தன, நைட்ரேட்டைத் தீர்த்தன, அப்புறம் குரோமியம் 6-க்கு வந்தன. அந்தப் பகுதி வழியாக நகரும் தண்ணீரில் இருந்த குரோமியம், 3 ஆக மாறி மணல் துகள்களின் மேல் படிந்தது.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. குரோமியம் கலந்த தண்ணீரை மேலே இறைத்து, குதிரைமசால் என்ற தீவனப் பயிர் வயலுக்குச் சொட்டுநீராகப் பாய்ச்சினார்கள். தெளிப்பு நீராகப் போட்டால் காற்றில் பறக்கும் என்பதால் சொட்டுநீர். வேர்ப்பகுதி மண்ணில் கரிமப் பொருளும் நுண்ணுயிர்களும் நிறைய இருக்கும். தண்ணீர் அந்த அடுக்கைத் தாண்டி இறங்குவதற்குள் குரோமியம் 6 பெருமளவு 3 ஆகிவிடும். வயலே சுத்திகரிப்பு நிலையமாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் நம் ஊரில் தோல் ஆலைத் தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிடக் கூடாது. அங்கே தண்ணீரில் குரோமியம் மிகக் குறைந்த அளவில் இருந்தது. மண்ணையும் அடிநீரையும் இடைவிடாமல் சோதித்துக்கொண்டும் இருந்தார்கள். நம்முடைய கழிவுநீரில் குரோமியத்தைவிட உப்பே வயலை முதலில் கொன்றுவிடும்.

குரோமியம் எங்கே போனது? இரண்டு வழியிலும் மண்ணிலேயே தங்கிவிட்டது. அது ஓரளவுக்கு நிம்மதியான பதில்தான், ஏனென்றால் குரோமியம் 3 எளிதில் திரும்பி 6 ஆகாது. ஆனால் ஆகவே ஆகாது என்றும் சொல்ல முடியாது. மண்ணில் இருக்கும் சில மாங்கனீசு ஆக்சைடுகள் அதைத் திரும்பவும் 6 ஆக்கக்கூடியவை. இன்னொரு பக்கவிளைவும் உண்டு. நிலத்தடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால், மண்ணோடு ஒட்டிக் கிடந்த மாங்கனீசும் ஆர்செனிக்கும் கரைந்து தண்ணீருக்கு வரும். ஒன்றைப் பூட்டப்போய் இன்னொன்றைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடாமல் இருக்க, எத்தனால் செலுத்தும் இடத்தைச் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டியிருந்தன.

யுரேனியத்தில் இந்தத் திரும்பும் சிக்கல் இன்னும் கடுமை. கொலராடோவில் ரைஃபிள் என்ற இடத்தில், பழைய யுரேனிய ஆலை இருந்த நிலத்தில், 2002-இல் பாக்டீரியாவுக்குத் தீனியாக அசிட்டேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள். ஜியோபேக்டர் என்ற பாக்டீரியா பெருகியது. கரையும் யுரேனியம் கரையாத வடிவத்துக்கு மாறியது. சில வாரங்களில் தண்ணீரில் அளவு நன்றாக இறங்கியது. அப்புறம் நிலைமை மாறி வேறு பாக்டீரியாக்கள் கை ஓங்கியதும் யுரேனியம் மறுபடி ஏற ஆரம்பித்தது. ஆக்சிஜன் திரும்பி வந்தால் படிந்த யுரேனியம் கரைந்துவிடும்.

இதற்கெல்லாம் நேர்மாறாக, உலோகத்தைக் கையில் எடுத்துக் காட்டும் முறை ஒன்று இருக்கிறது. குளம் வற்றும்போது அடிச்சேற்றைக் காலால் கிளறினால் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வருமே, அதற்குப் பின்னால் இருப்பது சல்பேட்டை மூச்சாகப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அவை சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு ஆக்குகின்றன. நாற்றம் அந்த வாயு. கறுப்பு நிறம், அந்த வாயு இரும்போடு சேர்ந்து உண்டான இரும்பு சல்பைடு. இரும்பு மட்டும் இல்லை, துத்தநாகம், காட்மியம், ஈயம், தாமிரம் எல்லாமே சல்பைடாகிவிட்டால் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது.

நெதர்லாந்தில் பூடல் என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து துத்தநாக ஆலை ஒன்று நடக்கிறது. நூறு வருஷ வேலையில் நிலத்தடி நீரில் துத்தநாகம், காட்மியம், சல்பேட் மூன்றும் சேர்ந்துவிட்டன. 1992-இல் அங்கே பெரிய தொட்டி ஒன்றைக் கட்டி, மாசடைந்த நிலத்தடி நீரை இறைத்து அதற்குள் விட்டு, சல்பேட் பாக்டீரியாக்களுக்கு எத்தனாலைத் தீனியாகப் போட்டார்கள். தண்ணீரில் ஏற்கெனவே இருந்த சல்பேட்டே சல்பைடாக மாறி, ஏற்கெனவே இருந்த துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கியது. ஒரு மாசை இன்னொரு மாசாலேயே பிடித்த கணக்கு. மிஞ்சிய ஹைட்ரஜன் சல்பைடு நாறவும் செய்யும், ஆளையும் கொல்லும். மலக்குழி மரணங்களில் பெரும்பாலும் காரணமாக இருப்பது இந்த வாயுதான். ஆகவே அடுத்த தொட்டியில் கொஞ்சம் காற்றைக் கொடுத்து, வேறு வகைப் பாக்டீரியாவைக் கொண்டு அதைக் கந்தகமாக மாற்றினார்கள்.

துத்தநாகம் எங்கே போனது? இங்கே பதில் கச்சிதமாக இருக்கிறது. துத்தநாகச் சல்பைடு, அதே ஆலையின் உலைக்கே திரும்பிப் போனது. சுரங்கத்திலிருந்து தோண்டி எடுக்கும் முக்கியமான துத்தநாகத் தாதுவும் இதே துத்தநாகச் சல்பைடுதான். ஆலைக்கு அது கழிவாகத் தெரியவில்லை, சரக்காகத் தெரிந்தது. வழக்கமான முறைப்படி சுண்ணாம்பு போட்டுப் படிய வைத்திருந்தால், தண்ணீர் கோத்த பெரும் கசடு கிடைத்திருக்கும். அதைக் கொட்ட இடம் தேடியிருக்க வேண்டும். இந்தத் துறையில் வெற்றிக் கதை ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் பூடலைத்தான் சொல்வேன். ஆனால் அந்த வெற்றிக்குப் பக்கத்திலேயே உலை இருந்ததும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

இதே சல்பேட் பாக்டீரியாக்களைப் பாதரசம் கலந்த சேற்றில் ஊக்குவித்தால் கதை தலைகீழ். அவற்றில் சில, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றக்கூடியவை. அது மீன்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகும், மீன் தின்பவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். துத்தநாகத்துக்கு வைத்தியன், பாதரசத்துக்கு எமன். எந்த உலோகம், எந்த நிலையில், எந்தத் தண்ணீரில் என்று தெரியாமல் "நல்ல பாக்டீரியா" என்று ஒன்றைச் சொல்வது அர்த்தமில்லாதது.

பாதரசத்துக்கு வேறு பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றிடம் உள்ள ஒரு நொதி, கரைந்த பாதரசத்தைச் சாதாரண உலோகப் பாதரசமாக்கிவிடும். உலோகப் பாதரசம் ஆவியாகும் பொருள் என்பதால் செல்லை விட்டு வெளியே பறந்துவிடும். பாக்டீரியாவுக்கு அதுதான் தப்பிக்கும் வழி. திறந்த குடுவையில் இதைச் செய்து, தண்ணீரை மட்டும் அளந்தால் "பாதரசம் நீங்கிவிட்டது" என்று வரும். போனது ஆய்வக அறையின் காற்றுக்குள். ஜெர்மனியில் இதை ஆலைக் கழிவுநீருக்குப் பயன்படுத்தியவர்கள், பாதரசம் பறக்காமல் தொட்டிக்குள்ளேயே சிறு துளிகளாகத் தங்கும்படி வடிவமைத்தார்கள்.

இன்னொரு முறையில் பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் செல் சுவரில் எதிர்மின் தன்மை கொண்ட இடங்கள் நிறைய உண்டு. நேர்மின் உலோக அயனிகள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். செத்த செல்களைக் காயவைத்துக் குருணைகளாக்கி வடிகட்டி போலப் பயன்படுத்தலாம். உயிரிப் புறப்பரப்பு ஈர்ப்பு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடப்பது இந்த முறையில்தான், தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது மிகக் குறைவு. தண்ணீரிலிருந்து உலோக அயனிகளைப் பிடிக்க, சந்தையில் ஏற்கெனவே இருக்கும் அயனிப் பரிமாற்ற ரெசின் என்ற செயற்கைக் குருணை திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்த உகந்தது, சரக்கும் எப்போதும் ஒரே தரத்தில் கிடைக்கும். அதோடு போட்டி போட்டு ஜெயிப்பது சுலபமில்லை. ஒட்டிக்கொண்ட உலோகத்தை அமிலத்தால் கழுவி எடுத்தபின் அந்த அமிலத்தை என்ன செய்வது என்ற கேள்வியும் நிற்கும்.

ராணிப்பேட்டைக்கு வருவோம். இத்தனையும் தெரிந்த பிறகு, அந்தக் குவியலுக்கு மொலாசஸ் என்ற சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை ஊற்றிப் பாக்டீரியாவை வளர்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குரோமியத் தாதுவை வறுத்த கழிவு பொதுவாகக் கடுமையான காரத்தன்மை கொண்டது. அதில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பிழைக்கவே முடியாது. பிழைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்தாலும், மேலே குவியல் இருக்கும்வரை ஒவ்வொரு மழையும் புதிதாகக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டும். முதலில் குவியலை அகற்ற வேண்டும், அல்லது மழை படாமல், அடியில் கசியாமல் அடைக்க வேண்டும். ஏற்கெனவே நிலத்தடியில் பரவிவிட்ட நீருக்குத்தான் பாக்டீரியா பொருத்தமான ஆள். பெரிய பரப்பு, குறைந்த அடர்த்தி, தோண்டி எடுக்க முடியாத ஆழம். அவசரம் இல்லாமல், வருஷக் கணக்கில் நடக்க வேண்டிய வேலை.

குளத்திலும் கிணற்றிலும் போட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று பாக்டீரியாப் பொடியும் கரைசலும் விற்கிறார்கள். சாக்கடை நாற்றத்துக்கோ பாசிக்கோ அவை ஓரளவு உதவலாம். உலோகத்துக்கு அவற்றை நம்பாதீர்கள். அப்படியே வேலை செய்தாலும் உலோகம் அதே குளத்துச் சேற்றில்தான் இருக்கும். தண்ணீரைக் காய்ச்சுவதும் பயன்படாது. தண்ணீர் ஆவியாகக் குறையும், உலோகம் மிஞ்சும்.

ஆலைப் பகுதியில் கிணற்று நீரைக் குடிக்கிறவர்கள் செய்ய வேண்டியது, அதை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃப்ளோரைடு மாதிரியானவைதான் பெரும்பாலும் இருக்கும். கன உலோகங்கள் வேண்டுமென்றால் குரோமியம், ஈயம், ஆர்செனிக் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முடிவு வந்ததும் பார்க்க வேண்டிய எண்கள், இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01, ஆர்செனிக் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001. குரோமியம் 6 தண்ணீரை மஞ்சளாக்கும் என்றேனே, இந்த வரம்பை ஒட்டிய அளவில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. தெளிந்த தண்ணீராகத்தான் இருக்கும்.